பதினோரு முறை விடைபெற்ற ஊர்

வென்னரத் ஊருக்கு லம்பர்ட் ஃபிரெங்கன் பதினோரு முறை பிரியாவிடை கொடுத்திருந்தார். கடைசிப் பூசை, கடைசித் திருவிழா, கடைசித் தீயணைப்புப் பயிற்சி, பேக்கரியின் கடைசி ரொட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனி உரை. ஆறாவது உரைக்கு, ஊரை வாங்க வந்த நிலக்கரிக் கம்பெனி ஆளே தேம்பி அழுதார். ஒன்பதாவது உரைக்குப் பக்கத்து மாவட்டத்திலிருந்து இரண்டு பஸ் நிறைய ஜனம் வந்தது. அவர்கள் ஊருக்கு ஒரு ஆபத்தும் இல்லை; சும்மா அழுதுவிட்டுப் போகலாமென்று வந்தவர்கள். பதினோராவது உரையின்போது தேவாலய மணி தானாகவே அடித்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. மணியைக் கழற்றிக் கொண்டுபோய் அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

அழ வேண்டிய விஷயந்தான். ஊருக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடந்தது. ஜெர்மனியில், ரைன் நதிக்கு மேற்கே, தேவாலயக் கோபுரத்தைப்போல இரண்டு மடங்கு உயரமுள்ள இயந்திரம் ஒன்று, ஊர் ஊராகத் தின்றுகொண்டே பல வருடமாக வந்துகொண்டிருந்தது. வென்னரத்தின் முறை எப்போது என்பது லம்பர்ட் பள்ளிக்கூடம் போன நாளிலேயே எல்லோருக்கும் தெரியும். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், இரும்பு வேண்டும், கார் வேண்டும், வென்னரத் வேண்டாம். அதில் யாருக்கும் தனிப்பட்ட கோபமில்லை. ஒன்பது கிலோமீட்டர் தள்ளி கம்பெனியே புது ஊர் கட்டித் தந்தது. பெயர்ப்பலகையிலும் அதே பெயர்தான்: வென்னரத், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘புதிது’.

விற்பனைப் பத்திரத்தில் முதல் கையெழுத்து லம்பர்ட்டுடையது. அது அவருடைய சுபாவம். எது வரப்போகிறதோ அதற்கு முன்னால் போய் வரிசையில் நின்றுவிடுவார். வீட்டைச் சூடாக்க எண்ணெய் அடுப்பு நல்லது என்று அரசாங்கம் சொன்ன வாரமே அவர் வீட்டில் எண்ணெய் அடுப்பு. குப்பையை நான்காகப் பிரிக்கச் சொன்னபோது அவர் ஐந்து தொட்டி வாங்கினார்; ஒன்று, அடுத்து எதைப் பிரிக்கச் சொல்வார்களோ அதற்கு. ஊர்க் கமிட்டித் தலைவர் அவர். அவரே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றதும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பின்னாலேயே போட்டார்கள்.

போடாதது ஒரே ஆள். லம்பர்ட்டின் அக்கா தெக்லா.

தெக்லாவுக்கு எழுபத்து நான்கு வயது. நாற்பது வருடம் மாவட்டக் கோர்ட்டில் குமாஸ்தா. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட எத்தனை காரணம் உண்டோ, போடாமலிருக்க அதைவிட இரண்டு காரணம் கூடுதலாக உண்டு என்பது அவள் கட்சி. பன்னிரண்டாம் எண் வீடு அவளுடையது. பதினான்கு லம்பர்ட்டுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். லம்பர்ட் கையெழுத்துப் போட்ட அன்று அவள் பேச்சை நிறுத்தினாள். அதாவது, நேருக்கு நேர் நிறுத்தினாள். சுவர் வழியாக இன்னும் மூன்று வருடம், அவர் வீட்டைக் காலி செய்யும் நாள் வரை, அவரைக் கேட்கவைத்தே திட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. லம்பர்ட் புது வீட்டின் கராஜில், புல்வெட்டும் இயந்திரத்தின் முன்னால் நின்று பன்னிரண்டாவது பிரியாவிடையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்துகொண்டிருந்த கடைசி பஸ்ஸுக்கான உரை. சமையலறையிலிருந்து மனைவி ஹெட்விக் குரல் கொடுத்தாள்.

“லம்பர்ட், ரேடியோவ கேட்டியா? நம்ம ஊர இடிக்கலியாம்.”

“எந்த ஊர?”

“பழச.”

“எப்ப வரைக்கும்?”

“எப்பவுமே இல்லியாம். கரி வெட்டறத 2038-ல நிறுத்தறதா இருந்தாங்கல்ல? இப்ப 2030-ன்னு ஆக்கிட்டாங்களாம். பூமி சூடாகுதாம்.”

“அது இப்பத்தான் தெரிஞ்சுதா?”

“நமக்கு முன்னாடியே தெரியும். பெர்லினுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு.”

லம்பர்ட் கையிலிருந்த நான்கு பக்க உரையைப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில், தான் நிற்கும் இடத்திலேயே நின்று அழும் பஸ் நிறுத்தம் பற்றி ஒரு பத்தி இருந்தது. நல்ல பத்தி. காகிதத்தை மடித்து, உரம் வைக்கும் அலமாரியில் வைத்தார்.

புது வென்னரத்தில் அன்று மத்தியானம்வரை யாரும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வாழ்த்துச் சொல்வதா, துக்கம் விசாரிப்பதா என்று தெரியவில்லை. சாயங்காலம் பேக்கரியில் கூடியவர்கள் “வணக்கம்” சொன்னார்கள், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற தொனியில்.

இருந்ததிலேயே பெரிய தர்மசங்கடம் கல்தான். லம்பர்ட்டின் யோசனையில், ஊர் நிதியில், இடிக்கக் குறித்திருந்த நாளுக்கு நான்கு வருடம் முன்னதாகவே நட்டுவைத்த ஆறு டன் நினைவுக்கல். ‘இங்கே வென்னரத் இருந்தது’ என்று அரையடி ஆழத்துக்குச் செதுக்கியிருந்தது. பின்னால் வென்னரத் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வருகிறவர்கள் கல்லைப் படித்துவிட்டு, ஊரைப் பார்த்துவிட்டு, மறுபடி கல்லைப் படித்துவிட்டு, போனை எடுத்து வரைபடம் பார்த்தார்கள். தெக்லா கல்லின் ஒரு பக்கத்தில் ஆணி அடித்துத் துணி உலர்த்தும் கொடி கட்டியிருந்தாள்.

பெர்லின் அரசாங்கம் இத்தோடு விடவில்லை. ரஷ்ய எரிவாயு நின்றதும், மூடிய மின்நிலையக் கரி அடுப்பைக் கொஞ்ச நாளைக்கு மறுபடி எரிக்கிறோம் என்றது. பிறகு, எரித்தாலும் 2030 மாறாது என்றது. வீட்டுக்கு என்ன அடுப்பு வைக்கலாம் என்று ஒரு சட்டம் போட்டது. போட்ட மறுமாதம் திருத்தியது. திருத்தியதைத் திருத்த ஒரு குழு போட்டது. லம்பர்ட் முதல் வாரமே, காற்றிலிருந்து சூடெடுக்கும் ஹீட் பம்ப் வைத்துவிட்டார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த வருடத்தில் லம்பர்ட்டின் பழைய கோளாறு ஒன்று முற்ற ஆரம்பித்தது. புது வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது, அவர் உடம்பைத் தவிர. அது இன்னும் பழைய வீட்டிலேயே இருந்தது. காலையில் எழுந்து, பழைய வீட்டில் கதவு இருந்த இடதுபக்கம் திரும்புவார், அங்கே சுவர். ஏழு வருடத்தில் மூக்கில் ஒன்பது கட்டு. டாக்டர் அவருக்குப் பிளாஸ்திரியை மொத்த விலைக்குக் கொடுத்தார். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, நிசப்தம். மூன்று அடுக்குக் கண்ணாடி, இருபது சென்டிமீட்டர் பஞ்சு வைத்த சுவர். அந்தச் சுவர் வழியாக யாரும் யாரையும் திட்ட முடியாது. ஒரு நாள் மத்தியானம் சமையலறைச் சுவரில் அவர் காதை வைத்துக்கொண்டு நிற்பதை ஹெட்விக் பார்த்துவிட்டாள்.

“என்ன கேக்குது?”

“ஒண்ணும் கேக்கல.”

“அதுக்குத்தானே அத்தன பஞ்சு வெச்சோம்?”

“பதினாலாம் நம்பர் எனக்கு வேணும் ஹெட்விக்.”

ஹெட்விக் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. “வெள்ளி, சனி, ஞாயிறு வரேன். மத்த நாள் இந்தத் தரைச் சூட்ட விட்டு நான் வரமாட்டேன். நாப்பது வருஷம் அந்த வீட்டுல காலு விறைச்சுப் போய்க் கிடந்தேன். இப்பத்தான் எனக்குப் பத்து விரல் இருக்குன்னே தெரியுது.”

நகராட்சியில் இதற்கென்று ஒரு மேஜை இருந்தது. பழைய உரிமையாளர்கள் வீட்டைத் திரும்பக் கேட்கலாம், செப்டம்பர் முப்பதுக்குள். அதற்குமேல் வீடுகள் பொது விற்பனைக்குப் போய்விடும். மேஜைக்குப் பின்னால் பாஃப்ராத் என்று ஒரு மனிதர். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். இந்த வேலைக்கு வருமுன் ஊர்களைக் காலி செய்யும் மேஜையில் இருந்தவர், பக்கத்து நாற்காலிதான்.

“என்ன அடுப்பு வைக்கணும் அந்த வீட்டுல, சட்டப்படி?” என்று லம்பர்ட் கேட்டார்.

“எந்தத் தேதிக்குக் கேக்கறீங்க?” என்றார் பாஃப்ராத்.

லம்பர்ட் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். மனுவின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது: ஊர்க் கமிட்டியின் கருத்து.

“ஊர்க் கமிட்டித் தலைவரே நான்தானே?”

“விதி நாலு சார். உறுப்பினர் ஊருக்குள்ள குடியிருக்கணும். ஒன்பது பேர்ல எட்டுப் பேர் போயிட்டீங்க.”

“மிச்சம் ஒருத்தர்.”

“தலைவர், செயலாளர் எல்லாம் அவங்கதான். ரொம்ப ஒழுங்கு. ஒவ்வொரு வியாழக்கிழமையும் கூட்டம் நடத்தி அறிக்கை அனுப்பறாங்க. பிப்ரவரியில சளி பிடிச்சப்ப ஒரு கூட்டத்துக்கு வரல. தகுந்த காரணத்தோட வரலன்னு அவங்களே எழுதி அனுப்பிச்சாங்க.”

“இந்தக் கட்டம் காலியா இருந்தா?”

“கம்ப்யூட்டர் வாங்காது.”

அடுத்த வியாழன் நான்கு மணிக்கு லம்பர்ட் பன்னிரண்டாம் எண் வீட்டுக் கதவைத் தட்டினார். பத்து வருடத்துக்குப் பிறகு தெக்லா அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“காலணியக் கழட்டு. பார்வையாளர் நாற்காலி அந்தப் பக்கம்.”

சமையலறை மேஜையைச் சுற்றி ஒன்பது நாற்காலி. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கண்ணாடி டம்ளர். தெக்லா தலைமை நாற்காலியில் உட்கார்ந்து மணி அடித்தாள். வருகைப்பதிவு எடுத்தாள். எட்டுப் பெயரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து, “வரவில்லை” என்று எழுதினாள். மூன்றாவது பெயர் லம்பர்ட் ஃபிரெங்கன்.

“அக்கா, நான் இங்கதான் இருக்கேன்.”

“பார்வையாளர் குறுக்கே பேசக் கூடாது.” எழுதினாள்: வரவில்லை. பிறகு மனுவை எடுத்துப் படித்தாள். இரண்டு பக்க மனுவைப் படிக்க இருபது நிமிஷம் ஆனது. கண்ணாடியைக் கழற்றினாள்.

“மனுதாரர் எனக்குத் தம்பி.”

“ஆமா.”

“விதி ஒன்பது. ரத்த சம்பந்தமுள்ள விஷயத்துல உறுப்பினர் வாக்குப் போடக் கூடாது. அறையில இருக்கவும் கூடாது.”

அவள் எழுந்தாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து வெளியே போனாள். லம்பர்ட் ஒன்பது டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷம் கழித்துக் கதவில் தட்டும் சத்தம்.

“வரலாமா? என்ன முடிவாச்சு?”

“என்னக்கா முடிவாகும்? உள்ள யாரும் இல்ல.”

தெக்லா உட்கார்ந்து எழுதிக்கொண்டே சொன்னாள்: “போதிய உறுப்பினர் இல்லாததால முடிவெடுக்கல. அடுத்த விஷயம், சாக்கடை.”

“இது உனக்கே சிரிப்பா இல்ல?”

“டேய் லம்பர்ட்டு, இந்த விதி ஒன்பத எழுதினது யாரு தெரியுமா?”

லம்பர்ட்டுக்குத் தெரியும். 1998-இல், முறைகேடு நடப்பதற்கு முன்னாலேயே தடுத்துவிட வேண்டுமென்று, எந்தத் தேவையும் இல்லாதபோது அவரே எழுதியது.

“இன்னொரு உறுப்பினர் வேணும்,” என்றாள் தெக்லா. “நமக்குச் சொந்தமில்லாத ஆளு. முதல்ல அவன் இங்க குடிவரட்டும். அப்புறம் அவன் உனக்கு வாக்குப் போடட்டும். முந்நூத்துப் பன்னெண்டு பேர வெளிய கூட்டிட்டுப் போனியே, ஒருத்தனத் திருப்பிக் கூட்டிட்டு வாயேன்.”

அப்போது ஆகஸ்ட் பதினெட்டு. லம்பர்ட் புது வென்னரத்தில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார். ஃபிரெங்கன் சொந்தம் இல்லாத குடும்பங்கள் அறுபத்தெட்டு இருந்தன. எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவர் நடப்பதை நிறுத்தினாலும் முட்டி தானாக ஆடிக்கொண்டிருந்தது.

கொல்லர் ஷ்மலென்பெர்க் சிரித்தார். “நீங்கதானே மேடையில நின்னு சொன்னீங்க, ஊருங்கறது செங்கல் இல்ல மனுஷங்கன்னு? மனுஷங்க இங்க இருக்கோம். அங்க செங்கல்தானே இருக்கு?”

“அது அப்ப சொன்னது.”

“நான் அத மனப்பாடம் பண்ணி மக கல்யாணத்துல சொன்னேன். இப்ப மாத்திச் சொன்னா மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?”

பழைய பேக்கரிக்காரி கதவைப் பாதிதான் திறந்தாள். “எட்டாவது பேச்சுக்கு நான் ரெண்டு நாள் அழுதேன் லம்பர்ட். கண்ணு வீங்கி அடுப்பு தெரியல. அழுது முடிச்சாச்சு. மறுபடி என்னால முதல்லேர்ந்து முடியாது.”

மற்றவர்களும் ஏறக்குறைய அதேதான். அவருடைய உரைகள் அளவுக்கு மேல் வேலை செய்திருந்தன. ஊரே விடைபெற்றுவிட்டது. லம்பர்ட் மட்டும், அவ்வளவும் பேசியவர், பேசும்போது தான் கேட்கவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் எட்டாம் தேதி, பழைய ஊரின் பஸ் நிறுத்தத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதை லம்பர்ட் பார்த்தார். பஸ் நின்றுபோய்ப் பல மாதம் ஆகியிருந்தது. சாம்பல் நிறக் கோட்டு, தோல் பை. பையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. டோமென். கம்பெனிக்காக ஊரை வீடு வீடாக வாங்கியவர். ஆறாவது உரைக்குத் தேம்பியவர்.

“என்ன டோமென் சார், மறுபடி வாங்க வந்துட்டீங்களா?”

“ரிட்டயர் ஆயிட்டேன். சும்மா வந்தேன். போன வாரமும் வந்தேன்.”

“எதுக்கு?”

டோமென் எதிரேயிருந்த வீட்டைப் பார்த்தார். “பன்னெண்டு வருஷம் சார். தினம் ஒரு வீட்டு அடுப்படியில உக்காந்திருக்கேன். திட்டுவாங்க, அழுவாங்க, ஆனா காபி ஊத்தாம யாரும் பேசினதில்ல. இப்ப நகரத்துல நாலாவது மாடியில இருக்கேன். மூணு வருஷமாச்சு. அடுத்த வீட்டுக்காரர் பேரு கதவுல எழுதியிருக்கறதாலதான் எனக்குத் தெரியும்.”

லம்பர்ட் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய உரையை அன்று நிகழ்த்தினார்:

“மூணாம் நம்பர் வீடு காலியாத்தான் இருக்கு.”

பாஃப்ராத் விதியைப் புரட்டினார். மூன்றாம் எண் வீட்டுக்காரர்கள் திரும்ப வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டதால், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஊர்க் கமிட்டியின் கருத்துதான் வேண்டும்.

தெக்லா வியாழக்கிழமை டோமெனை வரவழைத்தாள். அந்த அடுப்படிக்கு அவர் பத்திரத்தோடு நாற்பத்தோரு முறை வந்திருந்தார். நாற்பத்தோரு முறையும் அவள் காபி ஊற்றிவிட்டு, “முடியாது” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நாற்பத்திரண்டாவது முறை பத்திரம் இல்லாமல் வந்ததால் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“மனுதாரர் குடிவர்றதுல யாருக்காவது ஆட்சேபம் உண்டா?” என்று தெக்லா ஒன்பது நாற்காலிகளையும் பார்த்துக் கேட்டாள். பிறகு தன் கையைத் தூக்கினாள். “எனக்கு உண்டு. இந்த மனுஷன் இந்த ஊர வித்தவங்களவிட மோசம். வாங்கினவன்.” அதை எழுதிக்கொண்டாள். “ஆட்சேபம் வாக்கெடுப்புக்கு விடப்படுது. ஆட்சேபத்துக்கு ஆதரவா?” யாரும் கை தூக்கவில்லை. “எதிரா?” அவளே தூக்கினாள். “ஒரு வாக்குல ஆட்சேபம் தள்ளுபடி. வரவேற்கிறோம் டோமென் சார், குடிவந்த அன்னைக்கே நீங்க கமிட்டி உறுப்பினர். பால் ஊத்தாமத்தானே குடிப்பீங்க?”

“ஆமாங்க,” என்றார் டோமென். அவர் குரல் ஆறாவது உரையின்போது இருந்ததுபோல இருந்தது.

இரண்டு பெட்டி, ஒரு நாற்காலி, ஒரு காபி இயந்திரத்தோடு அவர் குடிவந்தார். குடிவந்ததைப் பதிவு செய்ய, முத்திரை வாங்க, முத்திரையில் தேதி தப்பென்று மறுபடி வாங்க, நாள் ஓடிவிட்டது. லம்பர்ட்டின் மனு எடுத்துக்கொள்ளப்பட்ட வியாழன் செப்டம்பர் இருபத்தொன்பது. மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் பாஃப்ராத் மேஜையை மூடிவிடுவார்.

தெக்லா அன்று அரிசிக் கேக் சுட்டிருந்தாள். பாலில் வெந்த அரிசியைப் பிசைந்த மாவுக்குள் ஊற்றிப் பொன்னிறமாகச் சுட்டது, வண்டிச் சக்கரம் அளவுக்கு. அதை மேஜையின் நடுவில் வைத்தாள். வருகைப்பதிவு எடுத்தாள். விதி ஒன்பதை வாசித்தாள். சால்வையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஜன்னலின் ஓரத்தில் அவள் சால்வையின் ஒரு முனை தெரிந்தது. ஜன்னல் ஒரு விரல்கடை திறந்திருந்தது.

டோமென் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் முன்னால் மனு. முதன்முதலாக அவர் பத்திரத்தின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“ஒரே கேள்விதான் ஃபிரெங்கன் சார். உங்க அக்கா வீட்டுக்கு நான் நாப்பத்தோரு தரம் வந்தேன். உங்க வீட்டுக்கு ஒரு தரந்தான் வந்தேன். பேனா கூட உங்களுதுதான். நான் மூடியத் திறக்கறதுக்குள்ள போட்டுட்டீங்க.”

“ஆமா.”

“பெர்லின் மனச மாத்தும். மாத்தாத வருஷம் எனக்கு ஞாபகமில்ல. நாளைக்கு மறுபடி மாத்தி, என்ன மாதிரி ஒருத்தன் பையத் தூக்கிட்டு வந்தா என்ன செய்வீங்க?”

லம்பர்ட் வாயைத் திறந்தார். உள்ளே உரைகள் எல்லாம் இருந்தன. பதினோரு உரைகளில் ஏதாவது ஒன்றின் இரண்டாம் பத்தியை எடுத்துத் திருப்பிப் போட்டாலே டோமென் அழுதுவிடுவார். அந்த மனிதர் அழுவதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் ஓரத்தில் சால்வை அசையாமல் நின்றது.

“பயப்படுவேன்,” என்றார் லம்பர்ட்.

“அப்புறம்?” என்றார் டோமென்.

“பயந்துட்டு, என்ன செய்வேன்னு தெரியல. எனக்கு எப்பவும் கடைசி ஆளா மாட்டிக்கக் கூடாதுன்னு பயம். அதான் முதல்ல ஓடறேன். இந்தத் தடவ பக்கத்து வீட்டுல கேட்டுட்டுச் செய்வேன்.”

“பக்கத்து வீட்டுல என்ன சொல்லுவாங்க?”

“முடியாதும்பா. வேற என்ன சொல்லுவா?”

வெளியிலிருந்து குரல் வந்தது. “இன்னும் முடியலியா? நனையறேன்!”

“வாக்கெடுப்புக்குப் போறோம்,” என்று டோமென் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். “மனுவுக்கு ஆதரவா?” கையைத் தூக்கினார். “எதிரா?” கையை இறக்கிவிட்டு, நியாயமாக, சற்று நேரம் காத்திருந்தார். “ஏகமனதா நிறைவேறிடுச்சு.”

தெக்லா உள்ளே வந்தாள். மூக்கு நுனியில் ஒரு துளி தொங்கியது. என்ன முடிவாயிற்று என்று கேட்டாள், முறைப்படி. டோமென் சொன்னார், முறைப்படி. அவள் கட்டத்தில் மூன்று வரி எழுதி, முத்திரை குத்தி, ஊதி உலர்த்தினாள். பிறகு வருகைப்பதிவைத் திருப்பிப் பழைய உறுப்பினர் பட்டியலைப் பார்த்தாள்.

“விதி நாலுல இன்னொரு வரி இருக்கு. பழைய உறுப்பினர் திரும்பினா, கமிட்டி ஒத்துக்கிட்ட நிமிஷத்துலேர்ந்து உறுப்பினர். டேய், அந்த நாற்காலியில ஏண்டா உக்காந்திருக்க? இங்க வந்து உக்காரு.”

லம்பர்ட் மூன்றாவது நாற்காலிக்கு மாறினார். டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். ஏழு வருடத் தூசி ஒரு துகள்கூட இல்லை.

“அடுத்த விஷயம்,” என்று தெக்லா ஒரு உறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “காலையில வந்துச்சு. நகராட்சி மூலமா, பெர்லின்லேர்ந்து. ‘நிலக்கரி நிறுத்தும் ஆண்டு, மறுபரிசீலனை, சம்பந்தப்பட்ட ஊர்கள்’னு மேல போட்டிருக்கு. இன்னும் பிரிக்கல. கமிட்டி முடிவு பண்ணட்டும்.”

“உடனே பிரிக்கணும்,” என்றார் டோமென். “இந்த மாதிரி உறை நானே ஆயிரம் எழுதியிருக்கேன். உள்ள ஒரு தேதி இருக்கும். தேதி தவறினா அவ்வளவுதான்.”

“பிரிக்கவே கூடாது,” என்றாள் தெக்லா. “பிரிக்காத கடிதம் நமக்கு வந்து சேரல. நாப்பது வருஷம் கோர்ட்டுல இதத்தான் பாத்தேன்.”

ஒன்றுக்கு ஒன்று. இரண்டு பேரும் லம்பர்ட்டைப் பார்த்தார்கள்.

உறை தடிமனாக இருந்தது. நல்ல செய்தியும் தடிமனாக வரும், கெட்ட செய்தியும் தடிமனாக வரும். பெர்லின் எதையும் ஒரு பக்கத்தில் சொன்னதில்லை. லம்பர்ட்டின் வலதுகை தானாகச் சட்டைப் பையிலிருந்த பேனாவின்மேல் போயிருந்தது. அவர் அந்தக் கையைக் கவனித்தார். மெல்ல எடுத்து மேஜைமேல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்.

“ஒரு திருத்தம் சொல்றேன்,” என்றார். “பிரிக்கலாம். ஆனா கேக்கு முடிஞ்சப்புறம்.”

தெக்லா யோசித்தாள். “முழு கேக்குமா?”

“முழு கேக்கும்.”

“திருத்தத்துக்கு ஆதரவா?”

இரண்டு கை உயர்ந்தன. டோமென் எதிர்த்து வாக்களித்தார். அவருடைய மாற்றுக் கருத்து பதிவு செய்யப்பட்டது. பிறகு தெக்லா கத்தியை எடுத்து அரிசிக் கேக்கை வெட்டினாள். ஒவ்வொரு துண்டும் ஒரு விரல் அகலத்துக்குமேல் இல்லை. மூன்று பேருமாக உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் சாக்கடையைப் பற்றிப் பேசிக்கொண்டு, அதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை சாப்பிட்டார்கள். நடுவில் ஒரே ஒரு தடவை, வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, மனுவைக் கொடுத்துவிட்டு வர லம்பர்ட் நகராட்சிவரை போய்வந்தார். கடைசி ஆளாகத்தான் போனார்.